அதிபரே வந்து செனட்டருக்கு ஓட்டு கேட்கலாமா? பேத்திக்கு என்ன பதில் சொல்ல?

முத்தியால்பேட்டை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் 31 வருஷம் சமூக அறிவியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள். போன வாரம் பேத்தி கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வராமல் நின்றுவிட்டேன்.

மகள் குடும்பம் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. குடியுரிமை வாங்கி அவள் முதல்முதலாகப் போட்ட ஓட்டே 2021 ஜனவரி 5 அன்று நடந்த செனட், அதாவது அந்த நாட்டு நாடாளுமன்ற மேல்சபைத் தேர்தலில்தான். நவம்பரில் யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு விழவில்லை என்று முதல் இரண்டு பேருக்குள் திரும்பவும் நடத்தினார்கள். ஒரே நாளில் இரண்டு இடம். அந்த ரெண்டு மாசமும் தபால் பெட்டியைத் திறந்தால் கட்சி நோட்டீஸ்தான் கொட்டும், போன் ஓயவே ஓயாது என்பாள். ஓட்டுக்கு முந்தின நாள், பதவியில் இருந்த ட்ரம்ப் டால்டன் என்ற ஊரில் கூட்டம் போட்டு தன் கட்சியின் பெர்டியூ, லோஃப்லர் இரண்டு பேருக்கும் ஆதரவு கேட்டார். பதவியேற்க இருந்த பைடன் அதே நாள் அட்லாண்டாவில் வார்னாக், ஆசாஃப் இருவருக்காகவும் பேசினார்.

பேத்திக்கு இப்போது பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் பற்றிய பாடம் வந்திருக்கிறது. வீடியோ காலில் கேட்டாள்: "பாட்டி, உங்க ஊர்லயும் பிரசிடென்ட் வந்து ஓட்டு கேப்பாரா?" கேட்க மாட்டார், அவர் எந்தக் கட்சிக்கும் சொந்தம் இல்லை, எல்லாருக்கும் பொதுவானவர் என்றேன். "அப்போ எங்க பிரசிடென்ட் எல்லாருக்கும் பொது இல்லையா?" என்று கேட்டாள்.

இதை நான் வேடிக்கைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. 2006-ல் புதுச்சேரியில் 38 வருஷத்துக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் வந்ததே, நினைவிருக்கும். என் பெரியம்மா மகன் கவுன்சிலருக்கு நின்றார். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வீராம்பட்டினம் தேர் காட்டினவர். ஓட்டு கேட்டு எங்கள் வாசலுக்கு வந்தபோது ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு நான் வெளியே வரவில்லை. என் நாத்தனார்தான் எடுத்தார். அரசுச் சம்பளம் வாங்குகிறவள், தேர்தல் பணிக்குப் போகிறவள், ஒரு வேட்பாளர் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று விதி. அவர் முகம் வாடியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆனாலும் அந்த விதி சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதனால்தான் மனசு கேட்கவில்லை. நீதிபதிகளை, தூதர்களை, மந்திரிகளை அதிபர் தேர்ந்தெடுத்தால் அதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது செனட். அதிபர் மேல் குற்றச்சாட்டு வந்தால் விசாரிப்பதும் செனட். தன்னை விசாரிக்க வேண்டிய சபைக்கு ஆளை அனுப்பச் சொல்லி அதிபரே மைக் பிடித்தால், அந்த ஆள் நாளைக்கு அவரைக் கேள்வி கேட்பாரா? ஜனங்கள் இதை ஒத்துக்கொள்கிறார்களா? அங்கே இருந்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லிவிடக்கூடாது.

பாகூர் ஏரிக்கரை:

டீச்சர், நம்ம குடியரசுத் தலைவரோட ஒப்பிட்டதுலதான் குழப்பம். அங்கே அதிபர்தான் ஆட்சியை நடத்துகிறவர், கட்சிக்கும் அவர்தான் தலைமை. நம்ம பிரதமரை வைத்துப் பாருங்கள். பிரதமர் புதுச்சேரிக்கு வந்து ஏஎஃப்டி திடலில் பேசினால் நாம் தப்பு என்று சொல்கிறோமா? இல்லையே.

இன்னொரு வித்தியாசம். நம்ம ராஜ்யசபா சீட்டு ஒன்றே ஒன்று, அதையும் தேர்ந்தெடுக்கிறது 30 எம்எல்ஏக்கள். ஜனங்களிடம் ஓட்டு கேட்கிற வேலையே இல்லை. அங்கேயும் முன்பு மாநில சட்டசபைகள்தான் செனட்டரை அனுப்பின. 1913-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி நேரடியாக மக்கள் ஓட்டு என்று ஆக்கினார்கள். மக்கள் ஓட்டு என்று வந்தால் தலைவர்கள் வீதிக்கு வரத்தானே செய்வார்கள்.

பண்ருட்டி பலாத்தோப்பு:

டீச்சரம்மா, வணக்கம். நான் பண்ருட்டிப் பக்கம். இப்போ பலாவும் முந்திரியும்தான். அதுக்கு முன்னாடி 6 வருஷம் கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் வேலை பார்த்தேன். உங்க பேத்தி இருக்கிற ஜார்ஜியாவிலேயே நடந்த ஒரு கதை இருக்கு. அவளுக்கு இதைச் சொல்லுங்க.

1938. அதிபர் ரூஸ்வெல்ட். ரெண்டு வருஷம் முன்னாடிதான் 48 மாநிலத்தில் 46-ஐ ஜெயிச்சு வந்தவர். அவருக்கு ஜார்ஜியா ரெண்டாவது ஊர் மாதிரி. போலியோவில் கால் போனதும், வார்ம் ஸ்பிரிங்ஸ் வெந்நீர் ஊற்றில் குளித்தால் தெம்பு வரும் என்று 1924 முதல் அங்கே வந்து போனார், வீடும் கட்டினார். அங்கே வந்த முதல் கரண்ட் பில்லைப் பார்த்து அதிர்ந்து போனாராம். யூனிட்டுக்கு 18 சென்ட். நியூயார்க் பக்கம் சொந்த வீட்டில் கட்டுகிறதைப் போல நாலு மடங்கு. ஏழைக் குடியானவன் எப்படிக் கட்டுவான் என்று அன்றைக்கு யோசிக்க ஆரம்பித்ததுதான் பிறகு கிராமங்களுக்கு மின்சாரம் கொடுக்கிற திட்டமாக ஆச்சு என்று அவரே சொல்லியிருக்கார்.

இதைச் சொன்ன இடம்தான் முக்கியம். 1938 ஆகஸ்ட் 11, பார்ன்ஸ்வில் என்ற சின்ன ஊர். அந்த வட்டாரத்துக்குக் கரண்ட் கொண்டுவருகிற கூட்டுறவுத் திட்டத்தைத் தொடங்கி வைக்க வந்தார். அதே மேடையில் வால்டர் ஜார்ஜ் உட்கார்ந்திருக்கார். ரூஸ்வெல்ட்டோட அதே ஜனநாயகக் கட்சி, 1922 முதல் அந்த மாநிலத்து செனட்டர். ஆனால் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் எண்ணிக்கையைக் கூட்ட அதிபர் 1937-ல் கொண்டுவந்த திட்டத்தை எதிர்த்தவர். ரூஸ்வெல்ட் அவரை என் பழைய நண்பர் என்றே சொன்னார். சொல்லிவிட்டு, எனக்கு இந்த மாநிலத்தில் ஓட்டு இருந்தால் லாரன்ஸ் காம்ப்புக்குத்தான் போடுவேன் என்றார். ஜார்ஜை எதிர்த்துக் கட்சிக்குள்ளேயே நின்ற காம்ப்பும் அதே மேடையில்தான். பேச்சு முடிந்ததும் ஜார்ஜ் எழுந்து போய்க் கை கொடுத்து, சவாலை ஏற்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஒரு நிமிஷம் என் கதை. நான் 2010-ல் ஊருக்குத் திரும்பினேன். அடுத்த வருஷம் டிசம்பர் 30, தானே புயல். தாத்தா வைத்த பலா மரங்கள் வேரோடு விழுந்து கிடந்தன. எங்க ஊருக்குக் கரண்ட் வர 24 நாள் ஆச்சு. மோட்டார் ஓடலை, ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து ஒவ்வொரு வீடாகத் தண்ணி ஏத்தினோம். கம்பம் நட்டு, லைன் இழுத்து, பல்பு எரிஞ்ச அன்றைக்கு எங்க ஆயா அந்தப் பல்பைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. கரண்ட் என்றால் என்ன என்று அந்த 24 நாளில் எனக்குத் தெரிஞ்சுது. அதனால் பார்ன்ஸ்வில் ஜனங்களை என்னால் மனசுக்குள் பார்க்க முடியுது. தலைமுறை தலைமுறையாக மண்ணெண்ணெய் விளக்கில் இருந்தவங்க. கரண்ட் கொண்டுவந்த மனுஷன் எதிரே நின்று, இவருக்குப் போடுங்க என்று கேட்கிறார்.

போடலை. செப்டம்பரில் கட்சி வேட்பாளர் யார் என்று முடிவு செய்கிற உள் தேர்தலில் ஜார்ஜ்தான் முதலில் வந்தார். காம்ப் மூணாவது இடம்.

ரூஸ்வெல்ட் மேல் வெறுப்பு இல்லை. 1940-ல் அதே ஜார்ஜியா ரூஸ்வெல்ட்டுக்கு அள்ளிக் கொடுத்தது. "நீங்க எங்களுக்குப் பெரியவர்தான், ஆனா எங்க ஊரிலிருந்து யார் போகணும்னு நாங்க பார்த்துக்கறோம்" என்கிற மனசுதான் அது. அந்த வருஷம் தெற்குக் கரோலினாவில் ஸ்மித், மேரிலாந்தில் டைடிங்ஸ் என்று இன்னும் ரெண்டு செனட்டர்களை மாற்றப் பார்த்தார். அவங்களும் ஜெயிச்சு வந்தாங்க.

ஆனால் நான் இருந்த கென்டக்கியில் அவர் கேட்டது நடந்தது. ஏற்கெனவே பதவியில் இருந்த பார்க்லிக்காக வந்தார். எதிர்த்து நின்றவர் அந்த மாநில ஆளுநர் சேண்ட்லர். ரூஸ்வெல்ட் ரயிலை விட்டு இறங்கிக் காரில் ஏறினதும், சேண்ட்லர் ஒரே தாவாகத் தாவி அதிபருக்கும் பார்க்லிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாராம். அதிபர் பக்கத்தில் நிற்கிற போட்டோவுக்கு அவ்வளவு மதிப்பு! இருந்தும் பார்க்லிதான் ஜெயித்தார். இருக்கிறவரைக் காப்பாற்ற அதிபர் வந்தால் ஜனங்கள் ஏத்துக்கறாங்க, இருக்கிறவரைத் தூக்க வந்தால் கோபப்படறாங்க என்று எனக்குத் தோணுது.

மஞ்சக்குப்பம் வக்கீல்:

பண்ருட்டி நண்பர் கென்டக்கியைப் பாதியில் விட்டுவிட்டார். மீதிதான் டீச்சர் கேட்ட ஆரத்தித் தட்டு விஷயம்.

அப்போது நம்ம நூறு நாள் வேலை மாதிரி ஒரு பெரிய நிவாரண வேலைத் திட்டம் அங்கே நடந்துகொண்டிருந்தது. கென்டக்கியில் அந்த வேலையில் இருந்தவர்களை பார்க்லிக்கு ஓட்டுப் போடும்படி நெருக்கினார்கள் என்று செய்திகள் வந்தன. எழுதிய நிருபருக்கு 1939-ல் புலிட்சர் பரிசே கிடைத்தது. அந்தக் கொந்தளிப்பிலிருந்து 1939-ல் வந்ததுதான் ஹாட்ச் சட்டம். கொண்டுவந்த செனட்டர் ஹாட்ச், அதிபரின் சொந்தக் கட்சிக்காரர். மத்திய அரசு ஊழியர்கள் தேர்தல் வேலையில் இறங்குவதை அது கட்டுப்படுத்துகிறது. அதிபருக்கும் துணை அதிபருக்கும் மட்டும் அது பொருந்தாது. ஆக டீச்சர், உங்களைப் போல ஒருவர் அங்கே மத்திய அரசு அலுவலகத்தில் இருந்தால் அவருக்கும் கட்டுப்பாடு உண்டு. அதிபருக்குக் கிடையாது. சட்டம் தெரிந்தே விட்ட இடம் அது.

நம்ம நாட்டில் இந்தக் கோடு எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஒரு வழக்கு போதும். 1975 ஜூன் 12, அலகாபாத் உயர் நீதிமன்றம், நீதிபதி சின்ஹா. இந்திரா காந்தியின் ரேபரேலி தேர்தல் செல்லாது என்றார். காரணங்களில் ஒன்று, பிரசாரக் கூட்டத்துக்கு மேடை போட்டதிலும் ஒலிபெருக்கிக்கு மின்சாரம் கொடுத்ததிலும் உத்தரப் பிரதேச அரசு அதிகாரிகளைப் பயன்படுத்தியது. சட்டக் கல்லூரியில் இதைப் படித்தபோது மேடைக்காக ஒரு பிரதமரா என்று வியந்திருக்கிறேன். இன்று பார்ன்ஸ்வில் கதையைப் படித்ததும் அந்த மேடைதான் ஞாபகம் வந்தது. அரசுத் திட்டத்தைத் தொடங்கி வைக்கப் போட்ட மேடையிலேயே நின்று ஒருவருக்கு ஓட்டு கேட்டிருக்கிறார்.

ஆனால் அவர் ஆதரவு கேட்டதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கொள்கையைச் சொல்லி ஜெயித்தவருக்கு, அதை நிறைவேற்ற சபையில் ஆள் வேண்டும். ஏழைக்குக் கரண்ட், வயதானவருக்கு ஓய்வூதியம் என்று அவர் போராடியது நியாயமான காரியம். இவர்கள் வந்தால்தான் அது நடக்கும் என்று மக்களிடம் வெளிப்படையாகக் கேட்பது, உள்ளறையில் பேரம் பேசுவதைவிட நேர்மையானது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 1938-ல் ஜார்ஜியாவில் உண்மையான போட்டி அந்தக் கட்சியின் உள் தேர்தல்தான். அதில் கறுப்பின மக்கள் ஓட்டுப் போட முடியாது. அதற்குத் தடை விதித்த முறை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் டெக்சஸ் வழக்கில் சொன்னது 1944-ல்தான். எனவே மாநிலத்து ஜனங்கள் அதிபருக்குப் பதில் சொன்னார்கள் என்று சொல்லும்போது, ஜனங்களில் ஒரு பெரும் பகுதியை யாரும் கேட்கவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சொல்தா வீட்டுப் பேரன்:

தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பென்ஷன் வாங்கின சொல்தா. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிரெஞ்சு குடியுரிமை, அதனால் எங்களுக்கும் ஒரு செனட் உண்டு. 348 பேர். அதில் 12 பேர் வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்களுக்காக. புதுச்சேரியில் நாங்கள் ஆலோசகர்களைத் தேர்ந்தெடுக்கிறோம், அவர்கள் செனட்டர்களுக்கு ஓட்டுப் போடுகிறார்கள். அதனால் அதிபர் வந்து எங்களிடம் செனட்டுக்கு ஓட்டு கேட்கிற காட்சியே வராது. மூன்றாம் குடியரசு காலத்தில் பிரெஞ்சிந்தியாவிலிருந்தே பாரிசுக்கு ஒரு செனட்டர் போய்க்கொண்டிருந்தார் என்று தாத்தா பெருமையாகச் சொல்வார்.

எங்கள் வரலாற்றில் இதற்கு நேர் எதிரான ஒன்று இருக்கிறது. அப்போது பிரெஞ்சு அதிபராக இருந்த தெகோல். 1969 ஏப்ரல் 27 அன்று செனட்டின் அதிகாரத்தைக் குறைக்க மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தார். தோற்றால் போய்விடுவேன் என்று முன்பே சொல்லியிருந்தார். தோற்றார். மறுநாள் மதியம் 12 மணிக்குப் பதவியை விட்டுவிட்டார். தற்காலிக அதிபராக வந்தவர் யார் தெரியுமா? அந்த செனட்டின் தலைவர் பொயேர். தாத்தாவுக்கு தெகோல் சாமி மாதிரி, ஹாலில் படம் மாட்டியிருந்தார். ஆனாலும் இதைச் சொல்லும்போது, "தெகோல் சொன்னாலும் ஜனம் வேண்டாம்னா வேண்டாம்தான்" என்பார். டீச்சரம்மா, உங்கள் பேத்திக்கு இதையும் சொல்லலாம்.

முத்தியால்பேட்டை டீச்சர்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு தடவை படித்தேன். வக்கீல் சார், உள்ளறைப் பேரத்தைவிட வெளிப்படையாகக் கேட்பது நேர்மை என்றீர்களே, அதை ஏற்கிறேன். ஆனால் தொடக்க விழா மேடையை ஏற்க முடியவில்லை. கேட்கட்டும், தன் கட்சிச் செலவில் தனி மேடை போட்டுக் கேட்கட்டும். ஒரு ஊருக்கே வெளிச்சம் வருகிற நாள் அந்த ஊருக்குச் சொந்தம்.

பண்ருட்டி தம்பி, ஒன்று கேட்கிறேன். அதிபர் தயவில் ஜெயித்தவர்கள் பிறகு அவருக்குக் கட்டுப்பட்டே இருந்தார்களா? எனக்கு இன்னும் அதுதான் உறுத்துகிறது.

பண்ருட்டி பலாத்தோப்பு:

அப்படியும் சொல்லிட முடியாது டீச்சரம்மா. பென்சில்வேனியா மாநில செனட்டர் ஸ்பெக்டர் என்று ஒருத்தர். 2004-ல் கட்சிக்குள்ளேயே டூமி என்பவர் எதிர்த்து நின்றப்போ அதிபர் புஷ் ஸ்பெக்டருக்குத் துணை நின்றார், மயிரிழையில் ஜெயிச்சார். 2009-ல் டூமி திரும்ப வர்றார் என்றதும் ஸ்பெக்டர் எதிர்க்கட்சிக்கே போயிட்டார். அங்கே ஒபாமா அவருக்கு ஆதரவு கொடுத்தார். 2010 உள் தேர்தலில் செஸ்டாக் என்பவரிடம் தோத்துப் போனார்.

அதே வருஷம் ஜனவரியில் மாசசூசெட்ஸ். டெட் கென்னடி இறந்து காலியான இடம். தன் கட்சி வேட்பாளர் கோக்லிக்காக ஒபாமாவே தேர்தலுக்கு ரெண்டு நாள் முன்னாடி பாஸ்டனுக்கு வந்தார். கூட்டம் வந்தது, ஓட்டு ஸ்காட் பிரவுனுக்குப் போச்சு. அப்போ நான் லூயிவில்லில் இருந்தேன், ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டிக்கிட்டு டிவியில் பார்த்தேன். கூட வேலை பார்த்த ஒருத்தர் அதிபர் கட்சிக்காரர், மறுநாள் மதியம் சாப்பிடவே இல்லை.

முத்தியால்பேட்டை டீச்சர்:

சரி தம்பி, புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பேத்தி கூப்பிடுவாள், அவளுக்கு அப்போது சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை. கரண்ட் பில்லிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன், பிள்ளைக்கு அது பிடிக்கும். பிறகு அந்த மேடை, அந்தக் கைகுலுக்கல். அந்த ஓட்டில் யாருக்கு இடமில்லை என்பதையும் சொல்லப்போகிறேன். 2021-ல் அதே ஜார்ஜியாவில் அவள் அம்மா போட்ட முதல் ஓட்டில்தான் வார்னாக் ஜெயித்தார், அந்த மாநிலம் செனட்டுக்கு அனுப்பிய முதல் கறுப்பினத்தவர். அன்றைக்கு வரிசையில் நின்றபோது இது தெரியுமா என்று மகளிடமும் கேட்க வேண்டும்.

பார்ன்ஸ்வில் அவர்கள் வீட்டிலிருந்து காரில் போகிற தூரம்தானாம். மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன், ஒருநாள் பிள்ளையை அங்கே கூட்டிக்கொண்டு போகச் சொல்லி.